என் நம்பருக்குத்தான் வரும்

கொஞ்சம் காலை நகட்டிக்கிறீங்களா தம்பி? சார்ஜர் குத்துற எடம் உங்க பக்கம்தான் இருக்கு. சார்ஜ் இல்லாம இல்லைங்க, முக்காவாசி இருக்கு. இருந்தாலும் இன்னைக்கு இந்த போன் அணையக் கூடாது. என்னைக்கு வேணா அணையட்டும், இன்னைக்கு அணையக் கூடாது. ஆங், ஏறுது. பரவாயில்லையே, கவர்மெண்டு பஸ்ல இதெல்லாம் வேலை செய்யுதே.

நான் ஓசூருங்க, மக வீட்டுக்கு. நீங்க? கிருஷ்ணகிரியா. உரக்கடை வச்சிருக்கீங்களா, நல்லது. அப்ப உங்களுக்கு நான் சொல்றது புரியும். கடைச் சாவி யார் கையில இருக்குதோ அவன்தான் கடைக்காரன். என்ன சொல்றீங்க?

ஒரு போன் வரணும், அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். போனுக்கு முன்னாடி மெசேஜ்ல ஒரு நம்பர் வரும். ஓ.டி.பி. பேங்க்ல அனுப்புவான்ல, அந்த மாதிரி. அந்த நம்பர் இல்லாம சேலத்துல ஒரு பெரிய கம்பெனி ஒரு அடி நகர முடியாது. நம்பர் எங்க வரும்? இதோ, இதுக்குத்தான் வரும். என் நம்பருக்குத்தான் வரும். அப்பறம் முதலாளியே லைன்ல வந்து, "கொழந்தவேலு, அந்த நம்பரைக் கொஞ்சம் சொல்லுப்பா"ன்னு கேக்கணும். கேட்டா உடனே சொல்லிருவேன். நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. ஆனா அவர் வாயால கேக்கணும். வேற யாரும் கேட்டா சொல்ல மாட்டேன்.

நான் ஒரு பார்சல் கம்பெனியில கம்ப்யூட்டருக்கெல்லாம் தலைமை. இருந்தேன்னு வச்சுக்கங்க. திருநெல்வேலியில இருந்து ஹூப்ளி வரைக்கும் கிளை. எந்தக் கிளையில யார் ஒரு மூட்டை போட்டாலும் அதோட லாரி ரசீது என் மெஷின் வழியா போய்த்தான் அச்சாகும். ரசீது கையில வராம டிரைவர் வண்டிய எடுக்க மாட்டான், எடுத்தா செக்போஸ்ட்ல மாட்டுவான். அப்ப கம்பெனி ஓடுறது டீசல்லையா, என் ரூம்லையா? நீங்களே சொல்லுங்க.

என் ரூம்னா சர்வர் ரூம். முதலாளி நல்லசிவம் ஐயா ரூம்ல ஃபேன் ஓடிக்கிட்டு இருந்த காலத்துலயே என் ரூம்ல ஏ.சி. எனக்கில்லீங்க, மெஷினுக்கு. ஆனா மெஷின் பக்கத்துல நானும்தானே உக்காந்திருந்தேன். முதலாளியே வெயில் காலத்துல வந்து, "இங்க கொஞ்சம் உக்காந்துக்கறேம்ப்பா"ன்னு நின்னுருக்காரு. செருப்பை வெளிய விட்டுட்டு வருவாரு. அவர் கம்பெனி, அவர் கட்டடம், ஆனா என் ரூமுக்கு செருப்பை விட்டுட்டுத்தான் வருவாரு.

அந்த ரூமை மூடுனது யாருங்கறீங்க? நான்தான். நானே மூடுனேன். அதுதான் யாருக்கும் புரிய மாட்டேங்குது. பெரிய பெரிய கம்பெனியில எல்லாம் ஐ.டி. தலைவருங்க அந்த ரூமைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுவாங்க. நான் அழுவலை. காலம் மாறுதுன்னா நாம மொதல்ல மாறணும்.

எங்க டீம்ல சுகந்தின்னு ஒரு பொண்ணு. ராசிபுரம். வேலை தெரிஞ்ச பொண்ணுதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதுதான் ஒரு நாள் வந்து ஆரம்பிச்சுது. "சார், ஒரு மூட்டை அனுப்பணும்னா நம்ம கஸ்டமரு லாரியா வாங்குறாங்க? நம்மகிட்டதானே குடுக்குறாங்க. நாம மட்டும் ஏன் சார் சொந்தமா மெஷின் வாங்கி, அதுக்கு ஏ.சி. போட்டு, கரண்டு போனா ஓடி, டிஸ்க்கு போனா ஓடிக்கிட்டுக் கெடக்கோம்? அதையே தொழிலா வச்சிருக்கிறவங்ககிட்ட குடுத்துரலாம் சார். கிளவுடுக்குப் போயிரலாம்"னு சொல்லுச்சு. நான் நல்லாத் திட்டி அனுப்பிட்டேன். போய் உன் வேலையப் பாரும்மான்னுட்டேன்.

அப்பறம் யோசிச்சேன். நல்ல விஷயமா பட்டுச்சு. அடுத்த வாரம் முதலாளி ரூம்ல போய்ச் சொன்னேன். ஐயா, நம்ம கஸ்டமரு லாரி வாங்குறாங்களான்னு நான் ஆரம்பிச்சதுமே முதலாளி நிமிந்து உக்காந்துட்டாரு. "அடேயப்பா, எப்படிய்யா இப்படி யோசிக்கிற"ன்னாரு. அதைச் சொன்னது சுகந்திதானேன்னு கேப்பீங்க. யார் சொன்னாங்கறதா தம்பி முக்கியம்? எந்த ரூம்ல சொன்னாங்கறதுதான் முக்கியம். அந்தப் பொண்ணு போய்ச் சொல்லியிருந்தா முதலாளி காப்பி குடுத்து அனுப்பியிருப்பாரு.

இதுல ரெண்டு வகை இருக்குதுங்க. இங்க இருக்கிறதை அப்படியே தூக்கி அவன் எடத்துல வைக்கிறது ஒரு வகை. வீடு மாத்துற மாதிரி. ஒடைஞ்ச நாற்காலியும் கூடவே வந்துரும், அங்க போயும் நாமதான் ஒட்டடை அடிக்கணும். இன்னொரு வகையில, டேட்டாபேஸ் ஆகட்டும், காப்பி எடுத்து வைக்கிறதாகட்டும், பாதுகாப்பாகட்டும், பராமரிப்பெல்லாம் அவன் தலையில. கூட்டம் அதிகமானா அவனே பெருசாக்கிக்குவான், கொறைஞ்சா சின்னதாக்கிக்குவான். நமக்குத் தெரியவே தெரியாது. சுகந்தி இந்த ரெண்டாவதுதான் வேணும்னு நின்னுச்சு. மொதல்ல சின்னக் கிளைங்க, அப்பறம் பெரிய கிளை, ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டே போலாம், பழசை ஒடனே அணைக்க வேண்டாம்னு படிப்படியா பிளான் போட்டுக் குடுத்துச்சு. நான் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பு என்னுதுதானே.

உள்ளுக்குள்ள பயம்தான், சொல்றதுக்கு என்ன. ராத்திரி தூக்கம் வராது. பழனிக்கு வேண்டிக்கிட்டேன். முருகா, இந்தக் கிளவுடு நல்லபடியா முடிஞ்சா மொட்டை போடுறேன்னு. வீட்டுக்காரம்மா சிரிச்சா. "மேல இருக்கிறவங்களுக்குள்ளயே பேசி முடிச்சுக்குவாங்க, உங்க முடி எதுக்கு"ன்னா. அவளுக்கு எல்லாம் கிண்டல்தான்.

முடிஞ்சுது தம்பி! ஆயுத பூஜை அன்னைக்கு லாரி எல்லாம் நிக்கும்ல. பூசணிக்காய் ஒடைச்சு, எலுமிச்சம்பழம் வச்சு, வண்டி எல்லாம் சந்தனப் பொட்டோட நிக்குது. அன்னைக்குத்தான் கடைசிக் கிளையும் மாறுச்சு. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. மறுநாள் காலையில சேலத்துல ஒருத்தன் மூட்டை போட்டான், ரசீது வந்துச்சு. அவனுக்கு ஒண்ணும் தெரியல. ஒண்ணும் தெரியாம இருக்கிறதுதான் வெற்றிங்க. முதலாளி எனக்கு மாலை போட்டாரு. எனக்குத்தான்.

சர்வர் ரூம்ல மூணு பசங்க ஷிப்டு பாத்துக்கிட்டு இருந்தாங்க. இனிமே எதைப் பாக்குறது? நான்தான் முதலாளிகிட்ட போய், ஐயா, இவங்க இனிமே தேவையில்லைன்னு சொன்னேன். சுகந்தி சண்டைக்கு வந்துச்சு. "சார், அவங்களுக்கு வேற வேலை சொல்லிக் குடுக்கலாம், இந்தப் பிளான்லயே அது இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டது சார்"னு. எங்கம்மா நேரம்? பசங்க கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு நின்னாங்க. நான் எடுத்துச் சொன்னேன், மாறத் தெரியணும்ப்பா, கம்பெனி யாருக்காகவும் நிக்காதுன்னு. நல்ல வார்த்தைதானே? ஒருத்தன் கூட அதுக்கப்பறம் வணக்கம் வைக்கலை. நன்றிங்கறது இந்தக் காலத்துல கெடையாது.

அப்பறம் கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஹோட்டல்ல என்னையப் பேசக் கூப்பிட்டாங்க. பல கம்பெனி ஐ.டி. தலைவருங்க வந்திருந்தாங்க, கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு. ஒரு கம்பெனியைக் கிளவுடுக்குக் கொண்டுபோற தலைவன் எப்படி இருக்கணும்னு பேச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கையில வச்சிருக்கிறதை விடத் தெரிஞ்சவன்தான் தலைவன். எல்லாம் என்னாலதான் ஓடுதுன்னு நெனைக்கிறவன் கம்பெனிக்குப் புடிச்ச பீடை"ன்னு சொன்னேன். கைதட்டு அடங்கவே இல்லை. திரையில படம் எல்லாம் ஓடுச்சு. அது சுகந்தி போட்டுக் குடுத்தது. பேசினது நான்.

இருங்க இருங்க. தொப்பூர் வந்துருச்சா? இந்த மலைப்பாதையில சிக்னல் போயிரும். போச்சு பாருங்க, ஒரு கோடு கூட இல்லை. இந்த டிரைவரு ஏன் இப்படி உருட்டுறாரு? இப்பப் பாத்து அந்த நம்பர் வந்துருச்சுன்னா? வந்துட்டு நேரம் ஆச்சுன்னா அது செத்துரும், மறுபடி அனுப்பணும். அனுப்பட்டும். எத்தனை தடவை அனுப்புனாலும் இங்கதானே வரணும்.

ஆங், வந்துருச்சு. கோடு வந்துருச்சு. ஒண்ணும் வரலை.

எங்க விட்டேன்? கிளவுடுல கணக்கு ஆரம்பிச்ச கதையை இன்னும் சொல்லலைல்ல. கிளவுடுல மொதல் மொதலா கணக்கு ஆரம்பிக்கிறப்ப பொறுப்பு யாருன்னு கேக்குங்க. ஒரு ஈமெயில், ஒரு போன் நம்பர். நான் என் சொந்த ஈமெயில், என் சொந்த நம்பர் குடுத்தேன். வேற யாரோடதைக் குடுக்கறது? கம்பெனிக்குன்னு ஒரு நம்பர் வாங்கி அதை ரிசப்ஷன்ல வச்சா, ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணா கம்பெனிக்குத் தலைமை?

சுகந்தி கேட்டுச்சு. "சார், கம்பெனி பேர்ல மாத்திருங்க. ரெண்டாவதா இன்னொரு ஆளையும் போட்டு வைங்க. நீங்க ஊர்ல இல்லைன்னா என்ன சார் பண்றது?" நான் கேட்டேன், "ஏம்மா, தாலியக் கழட்டிப் பக்கத்து வீட்ல குடுத்து வைப்பாங்களா?" சிரிப்பு வருதுல்ல? அதுக்குச் சிரிக்கத் தெரியலை. மறுபடி கேட்டுச்சு. மறுபடி மறுபடி கேட்டுச்சு. கடைசியா நான் சொல்லிட்டேன், இனிமே இந்தப் பேச்சை எடுத்தீன்னா நீயே என் சீட்ல வந்து உக்காந்துக்கன்னு.

இன்னொண்ணும் பண்ணேன், அது பாதுகாப்புக்குத்தான். கூட்டம் வந்தா தானா பெருசாகிக்கும்னு சொன்னேன்ல? அதை நிறுத்தி வச்சேன். யாரைக் கேட்டுப் பெருசாகறது? நாளைக்கு அதுபாட்டுக்குப் பெருசாகிக்கிட்டே போச்சுன்னா யார் பதில் சொல்றது? பெருசாகணும்னா என்கிட்ட நம்பர் வாங்கணும்னு வச்சேன். சின்ன மாத்தம்னாலும் நம்பர், பெரிய மாத்தம்னாலும் நம்பர். கல்யாணப் பந்தியில உக்காந்திருப்பேன், போன் அடிக்கும். எலையை விட்டு எந்திரிச்சு ஓரமாப் போய் நம்பர் சொல்லிட்டு வருவேன். பக்கத்துல இருக்கிறவங்க, "என்னங்க, சாப்புடக்கூட விட மாட்டேங்கறாங்களே"ன்னு பரிதாபப்படுவாங்க. என்னங்க பண்றது, நம்ம இல்லாம ஓட மாட்டேங்குதேம்பேன். சர்வர் ரூம் இருந்தப்ப கூட அவ்வளவு போன் வந்ததில்லை.

மக கூப்புடுறா. இருக்கட்டும், அப்பறம் பேசிக்கலாம். நாம பேசிக்கிட்டு இருக்கிறப்ப முதலாளி கூப்பிட்டு பிஸின்னு வந்துட்டா?

இப்ப பழனிக்கு வரேன். வேண்டுதல் ஒரு வருஷமா பாக்கி இருந்துச்சுல்ல. தீபாவளிக்கு முன்னாடி போயிட்டு வந்துரலாம்னு கெளம்பிட்டேன். சீசன்தான், தெரியும். கடைக்காரனெல்லாம் துணி மூட்டையாப் போட்டுக்கிட்டு இருக்கிற நேரம்தான். ஆனா எல்லாம்தான் தானா ஓடுதே, அதுக்குத்தானே கிளவுடுக்குப் போனோம்? மொட்டை போட்டேன், சரவணப்பொய்கையில முழுகுனேன். மேல போன் கொண்டுபோகக் கூடாது, கீழ கவுண்டர்ல குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கணும். குடுத்துட்டு மலை ஏறிட்டேன். சிறப்பு தரிசனத்துல போகலாம்னா வீட்டுக்காரம்மா. நான் பொது வரிசையிலதான் நிப்பேன்னுட்டேன். சாமிகிட்ட என்ன சலுகை?

அங்க நான் வரிசையில நிக்கறேன், இங்க எல்லாம் நின்னு போச்சு. கூட்டம் தாங்காம டேட்டாபேஸ் ரொம்பிருச்சு. ரொம்புனா பெருசாக்கணும். பெருசாக்கணும்னா நம்பர் வேணும். நம்பரு வந்துருச்சு தம்பி, கரெக்டா வந்துருச்சு. கோயில் கவுண்டர்ல, மஞ்சப்பைக்குள்ள, என் போனுக்கு வந்துருச்சு. மறுபடி மறுபடி வந்திருக்குது. பையில கெடந்து அதுபாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருந்துருக்கு.

திருநெல்வேலியில ரசீது வரலை, ஈரோட்டுல வரலை, ஹூப்ளியில வரலை. லாரி லாரியாத் துணி மூட்டை கம்பெனி கேட்டுல நிக்குது. கையால எழுதித் தரேன்னா டிரைவருங்க வாங்க மாட்டேங்கறாங்க. கடைக்காரன் முதலாளிக்கே போன் போட்டு, தீபாவளி கழிச்சு யாருய்யா துணி எடுப்பான்னு கத்தறான். சுகந்தி கிளவுடுக்காரனுக்குப் போன் போட்டுருக்குது. அவன், பொறுப்புன்னு பேர் குடுத்தவர் வந்து பேசட்டும், உங்ககூட பேச முடியாதுன்னுட்டான். பாருங்க, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு யார் பொறுப்புன்னு! பழனி கிளையில இருந்து ஒரு ஆளை மலைக்கு அனுப்பிச்சாங்களாம். அந்தக் கூட்டத்துல மொட்டைத் தலையில எந்த மொட்டைன்னு தேடுவான்? என் பக்கத்துலயே கூட நின்னுருக்கலாம்.

நான் சாமி கும்புட்டு, பஞ்சாமிர்தம் வாங்கி, எறங்கி வந்து டோக்கனைக் குடுத்து போனை வாங்கிப் பாத்தேன். அத்தனை மிஸ்டு கால். சுகந்திக்குப் போட்டேன். "சார், நம்பர்"னுச்சு, வேற ஒண்ணும் பேசலை. புதுசா வந்ததைச் சொன்னேன். சொல்லி வாய் மூடலை, எல்லாம் ஓட ஆரம்பிச்சிருச்சு. பாத்தீங்களா? ஒரு நிமிஷ வேலை. ஒரு நிமிஷ வேலைக்கு அத்தனை கூப்பாடு.

மறுநாள் மொட்டையில சந்தனத்தோட முதலாளி ரூமுக்குப் போனேன். பஞ்சாமிர்தத்தை டேபிள்ல வச்சேன். அவரு தொடலை. ஏன் இப்படி ஆச்சுன்னாரு. நான் உள்ளதைச் சொன்னேன். ஐயா, டேட்டாபேஸ் ரொம்பப் போகுதுன்னு முந்தின நாளே பாத்து என்கிட்ட சொல்லியிருக்கணும், அது சுகந்தியோட வேலை, அசட்டையா இருந்துட்டாங்கன்னேன். தப்பா? வேலையில கவனம் வேணும்ல?

சுகந்தியைக் கூப்பிட்டாரு. வந்து நின்னுச்சு. நான் வாயே தெறக்காதுன்னு நெனைச்சேன். என் கீழ வளர்ந்த பொண்ணு, என் முன்னாடி பேசாதுன்னு நெனைச்சேன். அது சொல்லுது, "ஐயா, முந்தின நாள் சார்கிட்ட சொன்னேன். பழனி போயிட்டு வந்து பாத்துக்கலாம்னாரு. ரெண்டாவது ஆள் போடச் சொல்லிக் கேட்டேன். கம்பெனி பேர்ல மாத்தச் சொல்லிக் கேட்டேன். சார் வேண்டாம்னுட்டாரு." அவ்வளவுதான். அழுகலை, கோவப்படலை. முதலாளி என்னைப் பாத்து, "நெசமா"ன்னாரு. நெசந்தான். ஆனா நெசம்னா அதை அப்படியா போட்டு ஒடைக்கிறது? நாலு பேர் இருக்கிற எடத்துல?  

அப்ப முதலாளி கேட்டாரு. "கொழந்தவேலு, நம்ம லாரிக்கு எத்தனை சாவி?" ரெண்டுங்கய்யான்னேன். "ஒண்ணு டிரைவர்கிட்ட. இன்னொண்ணு?" ஆபீஸ் பலகையில மாட்டியிருக்குங்கய்யா. "எதுக்கு மாட்டியிருக்கோம்? டிரைவர் மேல நம்பிக்கை இல்லாமயா?" நான் சொன்னேன், ஐயா, லாரியும் இதுவும் ஒண்ணாங்கய்யா, இதை லாரியோட எப்படி ஒப்பிடுறதுன்னு. அவரு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஏன் அப்படிப் பாத்தாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

அதுக்கப்பறம் என்னை ஆலோசகர்னு ஆக்குனாங்க. தனி ரூம். பேர்ப் பலகை கூட பெருசு. ஆனா யாரும் ஆலோசனை கேக்க வர்றதில்லை. சுகந்திதான் தலைமை. நான் இருந்த சர்வர் ரூம்ல டயர் அடுக்கி வச்சிருக்காங்க. டயருக்கு ஏ.சி. வேண்டாம்ல, அதைக் கழட்டி முதலாளி ரூம்ல மாட்டிக்கிட்டாரு. நான் உக்காந்து உக்காந்து பாத்தேன். போன் அடிக்காது. சின்ன மாத்தத்துக்கெல்லாம் இனிமே நம்பர் வேண்டாம்னு என்கிட்டயே கடைசியா ஒரு நம்பர் வாங்கி மாத்திட்டாங்க. சார்ஜ் போட்டா ரெண்டு நாள் நிக்குது. ஒரு நாள் ராஜினாமா எழுதிக் குடுத்தேன். வேண்டாம்னு சொல்லுவாருன்னுதான் குடுத்தேன். "உடம்பைப் பாத்துக்கப்பா"ன்னு சொல்லிச் சால்வை போட்டாரு. காலமெல்லாம் அந்தக் கம்பெனிக்கு ஒழைச்சவனுக்கு ஒரு சால்வை, ஒரு போட்டோ. கம்பெனி எனக்காகக் கொஞ்சம் நின்னுருக்கலாம் தம்பி. நின்னுருக்கலாமா இல்லையா?

ஆனா ஒண்ணு மறந்துட்டாங்க. கணக்கு என் நம்பர்லதானே இருக்கு.

மறக்கலைங்க. சுகந்தி போன் பண்ணுச்சு. "சார், எப்படி இருக்கீங்க, வீட்ல அம்மா எப்படி இருக்காங்க"ன்னு ஆரம்பிச்சு, "ஒரு நாள் ஆபீஸ் பக்கம் வாங்க சார், உங்க கையாலயே மாத்திக் குடுத்துருங்க. முதலாளியும் இருப்பாரு, எல்லாரும் ஒண்ணா சாப்புடலாம்"னுச்சு. சாப்பாட்டுக்கு மயங்குறவனா நான்? முதலாளியப் பேசச் சொல்லும்மான்னு வச்சுட்டேன். மறுபடி பண்ணுச்சு. "நீங்க கட்டுனது சார், நீங்க வந்து குடுத்தாத்தான் நல்லா இருக்கும்"னுச்சு. எப்படித் தேனாப் பேசுது பாருங்க. முடியாம கெடக்குது, அதான் கெஞ்சுது. பொங்கலுக்கு வீட்டுக்கே வந்துச்சு, கரும்பு, பழமெல்லாம் எடுத்துக்கிட்டு. நான் பூஜை ரூம்ல இருக்கேன்னு சொல்லச் சொல்லிட்டேன். வீட்டுக்காரம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டுப் போச்சு. இவ அன்னைக்கு ராத்திரி சொல்றா, "வேலை போனது உங்களுக்கு நோயில்லைங்க. போன் அடிக்கலைங்கறதுதான் உங்க நோய். அந்தப் பொண்ணு மருந்து கொண்டு வந்துச்சு, கதவைச் சாத்திட்டீங்க"ன்னு. இவளும் அவங்க கட்சி. 

நேத்து எங்க கம்பெனி டிரைவரு மாதுவைப் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். அவன்தான் சொன்னான், "சார், நாளைக்கு கம்ப்யூட்டர்ல ஏதோ பெருசா மாத்துறாங்களாம், சுகந்தி மேடம் எல்லாரையும் வரச் சொல்லியிருக்காங்க"ன்னு. எனக்குப் புரிஞ்சு போச்சு. மாத்தணும்னா நம்பர் வேணும். என் நம்பரைத் தூக்கறதுக்குக் கூட என் நம்பருக்குத்தான் வரணும். வேற வழியே கெடையாது, நான் அப்படித்தான் பூட்டி வச்சிருக்கேன். அதான் சொன்னேன், இன்னைக்கு முதலாளி கூப்புட்டே ஆகணும். நான் என்ன பேசணும்னு கூட நெனைச்சு வச்சிருக்கேன். மொதல்ல எடுக்க மாட்டேன். ரெண்டாவது தடவை எடுப்பேன். சொல்லுங்கய்யாம்பேன். அவ்வளவுதான். அவரு "கொழந்தவேலு"ன்னதும் ஒடனே சொல்லிருவேன், ஒரு வார்த்தை குத்திப் பேச மாட்டேன். 

காவேரிப்பட்டணம் தாண்டிருச்சா? நீங்க எறங்க வேண்டியதுதான் இன்னும் கொஞ்ச நேரத்துல. பையை எடுங்க எடுங்க, நான் நகந்துக்கறேன்.

அடிச்சுச்சா? அடிச்சுச்சு தம்பி! மெசேஜ்தான்! சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? கிளவுடுக்காரன் பேரு போட்டிருக்கா பாருங்க. வந்துருச்சு பாத்தீங்களா! ஐயோ, கண்ணாடி மேல பையில மாட்டிக்கிச்சே, நீங்களே படிச்சுச் சொல்லுங்க. ஆறு நம்பர் இருக்கும். மெல்லப் படிங்க, நான் மனசுல வச்சுக்கறேன். முதலாளி கேட்டா தடுமாறக் கூடாது.

என்ன, நம்பர் இல்லையா? நல்லாப் பாருங்க, கீழ தள்ளிப் பாருங்க. வெறும் எழுத்தாவா இருக்குது? இங்கிலீஷா? சும்மா படிங்க, அர்த்தம் நான் சொல்றேன்.

ம்.

இன்னொருக்கா படிங்க.

உரிமையாளர் நிறுவனம் குடுத்த ஆவணத்தை வச்சு... உங்க நம்பர் இந்தக் கணக்கிலருந்து எடுக்கப்பட்டிருக்கு... இனிமே உங்களுக்குத் தகவல் எதுவும் வராது. அவ்வளவுதானா? அப்பறம்? நன்றின்னு போட்டிருக்கானா. சரி.

அப்ப கம்பெனி பத்திரத்தைக் காட்டுனாலே குடுத்துருவானா? என் நம்பர் வேண்டியதில்லையா? இல்லைங்க, அப்படி ஒரு வழி இருந்தா அந்தப் பொண்ணுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்குமே. அதுக்குத் தெரியாததா. பொங்கலுக்கு வந்தப்பவே தெரிஞ்சிருக்கும். மொத போன் பண்ணப்பவே தெரிஞ்சிருக்கும்.

கிருஷ்ணகிரிதான், எறங்குங்க. கண்டக்டர், இவரு எறங்கணும்ங்க. ஒரே ஒரு நிமிஷம் தம்பி, உரக்கடையில நாலு மனுசரைப் பாக்குறவரு நீங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. நான் இல்லாமயே மாத்திக்க முடியும்னா, இத்தனை நாளா அந்தப் பொண்ணு எதுக்குங்க என்னை வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு?